இங்கிலாந்தில் ரிசப்ஷன் சேர்ந்த குழந்தை: செப்டம்பரிலிருந்து கிறிஸ்துமஸ் லீவு வரை என்னென்ன வரும்?

ரெடிங்_கோவை | செப்டம்பர் 13, 2025

வணக்கம். ஜூலையில்தான் கோவையிலிருந்து ரெடிங் வந்தோம். மகளுக்கு நாலரை வயது. பக்கத்து அரசுப் பள்ளியில் ரிசப்ஷனில், அதாவது நாலு வயதில் சேரும் முதல் வகுப்பில், இடம் கிடைத்தது. ஊரில் எல்கேஜி போனவள். ஏபிசிடி முழுக்க எழுதுவாள், நூறு வரை எண்ணுவாள். இங்கே வீட்டுப்பாடமும் இல்லை, நோட்டும் இல்லை. பையில் ஒரு புத்தகம் வந்தது. திறந்தால் வெறும் படம், ஒரு எழுத்துகூடக் கிடையாது. "இன்னிக்கு என்ன பண்ணினே கண்ணு?" என்று கேட்டால் "மண்ணுல விளையாண்டேன்" என்கிறாள்.

அதையாவது விடலாம். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் சொன்னதுதான் மனதை அரிக்கிறது. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை. நாங்கள் வீட்டில் முழுக்கத் தமிழ்தான். இதற்கிடையே பள்ளி ஆப்பில் செய்தி மேல் செய்தி: ஹார்வெஸ்ட், ஃபோனிக்ஸ் மீட்டிங், ஃப்ளூ படிவம், வெல்லிங்டன் பூட்ஸ் அனுப்பு, இது, அது. எது முக்கியம், எதை விட்டால் பரவாயில்லை என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன். அப்புறம், தீபாவளி அக்டோபர் 20, திங்கள்கிழமை. லீவு கேட்கலாமா?

ஹாரோ_அம்மா | செப்டம்பர் 13

வாங்கோ தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. எனக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேரும் இந்த வழியால் போனவர்கள்தான். கடைக்குட்டி இப்போது இயர் ஃபோர்.

வருடத்திலேயே நீளமான டெர்ம் இது. டிசம்பர் மூன்றாம் கிழமை வரை இழுக்கும், நடுவில் அக்டோபர் கடைசியில் ஒரு கிழமைதான் ஹாஃப் டெர்ம் லீவு. சின்னப் பிள்ளைகள் செப்டம்பர் முடியுமுன்பே களைத்துப் போவார்கள். பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் அழுகை, காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். கேற் வாசலிலேயே ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுங்கள். கதையெல்லாம் படுக்கப் போகும்போது தானாக வரும்.

உடுப்பு எல்லாவற்றிலும் பெயர் போடுங்கள். ஜம்பர், கோட்டு, சொக்ஸ், தண்ணிப் போத்தல், ஒன்றையும் விடாமல். முப்பது பிள்ளைகளும் ஒரே மாதிரி ஜம்பர் போடும் இடம். சப்பாத்து வெல்க்ரோ வாங்குங்கள். காது குத்தியிருந்தால் பிஇ (உடற்பயிற்சி) நாளில் தோடு கழற்ற வேணும், அதைப் பள்ளிக்கூடத்தில் செய்ய மாட்டார்கள், காலையிலேயே வீட்டில் கழற்றி விடுங்கள்.

அடுத்தது பேன். நீளமான தலைமயிர் உள்ள எங்கள் பெண் பிள்ளைகளுக்கு இந்த டெர்மில் கட்டாயம் வரும். இறுக்கிப் பின்னி அனுப்புங்கள். கிழமைக்கு ஒருநாள் தலையில் கண்டிஷனர் நிறையப் போட்டு, ஈரத்தோடேயே பேன் சீப்பால் அடியிலிருந்து நுனி வரை இழுத்து, ஒவ்வொரு இழுப்பும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். கண்டிஷனர் இருந்தால் பேன் ஓடாது, வழுக்கிக்கொண்டு சீப்போடு வந்துவிடும்.

வகுப்பறை_அக்கா | செப்டம்பர் 14

நான் கிழக்கு லண்டனில் ஒரு பிரைமரி பள்ளியில் டீச்சிங் அசிஸ்டென்ட். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகள்.

முதலில் பேசாமல் இருப்பது. ஒரு மொழிக்குள் புதிதாக வந்து விழும் குழந்தை சில மாதங்கள் பேசாமல் இருப்பது சகஜம். அவள் சும்மா இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறாள். கார்ப்பெட்டில் உட்காரச் சொன்னால் உட்கார்கிறாளா, வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்கிறாளா என்று டீச்சரிடம் கேளுங்கள். நின்றால் புரிந்துகொள்கிறாள் என்று அர்த்தம். முதல் சொற்கள் பெரும்பாலும் டீச்சரிடம் வராது. பக்கத்தில் விளையாடும் குழந்தையிடம்தான் வரும், அதுவும் சண்டையில்.

எழுத்தில்லாத புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மடியில் உட்காரவைத்து, படத்தைப் பார்த்து அவளையே தமிழில் கதை சொல்லவிடுங்கள். அந்தப் புத்தகம் வருவதே அதற்குத்தான். கதைக்கு ஒரு தொடக்கம், அப்புறம் ஒரு சிக்கல், அப்புறம் ஒரு முடிவு என்பது எந்த மொழியில் பிடிபட்டாலும் சரி.

ஏபிசிடி எழுதுவாள் என்றீர்கள். பெரிய எழுத்தில்தானே? இங்கே சின்ன எழுத்திலிருந்து தொடங்குவார்கள். எழுத்தின் பெயரை விட அதன் ஒலிதான் முதலில். பல பள்ளிகளில் எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்தும்தான் முதல் வரிசை. வீட்டில் சொல்லிக் கொடுத்தால் "எஸ்" என்று சொல்லாமல் பாம்பு சீறுவது போல "ஸ்ஸ்ஸ்" என்று மட்டும் சொல்லுங்கள். இப்படி ஒலியிலிருந்து படிக்கப் பழக்குவதுதான் ஃபோனிக்ஸ். அந்த மீட்டிங்குக்கு வேலையில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டாவது போங்கள். இந்த டெர்மில் தவறவிடக் கூடாத ஒன்று அதுதான்.

முதல் ஆறு வாரத்துக்குள் பேஸ்லைன் என்று ஒன்று நடக்கும். டீச்சர் தனியாக உட்காரவைத்து இருபது நிமிடம்போல விளையாட்டாகக் கேட்பார். பாஸ், ஃபெயில் கிடையாது. அதற்குத் தயார் செய்யவே வேண்டாம்.

நம் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகள் தடுமாறுவது பாடத்தில் அல்ல, மூன்று வேறு விஷயங்களில். டாய்லெட்டில் தண்ணீர்க் குழாய் இருக்காது, பெரியவர்கள் கழுவிவிட மாட்டார்கள். டிஷ்யூவால் தானே துடைக்க வீட்டில் பழக்குங்கள். இது தெரியாமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்காரும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். இரண்டாவது, பெயர். வீட்டில் பாப்பா, அம்மு என்று கூப்பிட்டுவிட்டு ரெஜிஸ்டரில் நீளமான பெயர் இருந்தால், அது தன்னைத்தான் என்று குழந்தைக்குத் தெரியாது. வீட்டுப் பெயரை டீச்சரிடம் சொல்லுங்கள், பள்ளிப் பெயரை வீட்டிலும் கூப்பிட்டுப் பழக்குங்கள். மூன்றாவது, கோட்டு. குளிரில் முப்பது பேருக்கும் மாட்டிவிட முடியாது. கோட்டைத் தரையில் விரித்து, உள்பக்கம் மேலே தெரிய, கழுத்துப் பக்கம் குழந்தையின் காலடியில் இருக்கும்படி போடுங்கள். குனிந்து இரண்டு கையையும் சட்டைக்கைகளுக்குள் விட்டு, அப்படியே தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் கோட்டு முதுகில் வந்து உட்காரும். ரிசப்ஷனில் நாங்கள் சொல்லிக் கொடுக்கும் முதல் வித்தை இதுதான், குழந்தைகளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

கிராய்டன்_ராஜ் | செப்டம்பர் 14

எல்லாம் சரி. ஆனால் நடைமுறையைச் சொல்கிறேன். என் மகன் சேர்ந்தபோது நாங்கள் வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினோம். ஈஸ்டருக்குள் சரளமாகப் பேசினான். குழந்தை ஆறு மணி நேரம் ஊமையாக உட்கார்ந்திருக்கிறது, அதற்கு உதவ வேண்டியது நம் கடமை. தமிழ் பின்னால் வந்துவிடும்.

வகுப்பறை_அக்கா | செப்டம்பர் 15

ராஜ், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இதில் நான் உறுதியாக மறுக்கிறேன். தமிழ் பின்னால் தானாக வருவதை நான் பார்த்ததில்லை. இங்கே வளரும் குழந்தைக்கு ஆங்கிலம் எப்படியும் வரும், வராமல் போகக்கூடியது தமிழ்தான். பள்ளிகளே பெற்றோரிடம் வீட்டு மொழியை விடாதீர்கள் என்றுதான் சொல்கின்றன. மழை ஏன் பெய்கிறது, தாத்தா ஏன் வரவில்லை என்று தமிழில் கேட்டுக் கேட்டு யோசிக்கப் பழகிய குழந்தைக்கு, பள்ளியில் அதே விஷயத்துக்கு ஆங்கிலச் சொல் கிடைத்தால் போதும். யோசனை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தவிர, நாள் முழுக்கப் புரியாத இடத்தில் இருந்துவிட்டு வரும் நாலு வயசுக் குழந்தைக்கு வீடாவது புரிகிற இடமாக இருக்க வேண்டாமா?

உதவ நினைத்தால் அவசரத் தேவைக்கான சொற்களை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: டாய்லெட், வாட்டர், ஹெல்ப், ஸ்டாப், இட் ஹர்ட்ஸ். அது போதும்.

எடின்பரோ_செல்வி | செப்டம்பர் 15

ஸ்காட்லாந்திலிருந்து ஒரு சின்னக் குறிப்பு, இதைப் படித்துவிட்டு இங்கே வருபவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக. இங்கே ரிசப்ஷன் கிடையாது, பிஒன் (பிரைமரி ஒன்) தான். ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளி திறந்துவிடும். அக்டோபர் லீவை இன்றும் டாட்டி ஹாலிடேஸ் என்கிறார்கள். அந்தக் காலத்தில் குழந்தைகள் உருளைக்கிழங்கு பொறுக்க வயலுக்குப் போனதால் வந்த லீவு. ஹாலோவீனுக்கு இங்கே வீடு வீடாகப் போகும் குழந்தை சும்மா மிட்டாய் வாங்க முடியாது. ஒரு பாட்டோ விடுகதையோ சொல்ல வேண்டும். என் பையன் "நிலா நிலா ஓடி வா" பாடித்தான் வாங்கி வந்தான். எதிர்வீட்டுப் பாட்டி இரண்டாவது முறை பாடச் சொன்னார்.

ரெடிங்_கோவை | அக்டோபர் 4

எல்லோருக்கும் நன்றி. கோட்டு வித்தை ஒரே சாயங்காலத்தில் பழகிவிட்டாள், இப்போது அவள் அப்பாவுக்கும் அப்படித்தான் போடச் சொல்கிறாள். தமிழை மாற்றவில்லை. படப் புத்தகத்தில் தினமும் ஒரு புதுக் கதை ஓடுகிறது.

ஹார்வெஸ்ட் அசெம்பிளிக்குப் போனேன். சின்னச் சின்னக் குழந்தைகள் ஆளுக்கொரு தகர டப்பாவோடு வரிசையாக வந்து மேசையில் வைத்தார்கள். பீன்ஸ், தக்காளி, பாஸ்தா. எல்லாம் இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கும் ஃபுட் பேங்குக்குப் போகிறதாம். அறுவடைத் திருநாள் என்றதும் பொங்கல்தான் நினைவுக்கு வந்தது. வயலே இல்லாத ஊரில் அதை இப்படி மாற்றிவைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. மதியச் சாப்பாடும் பழகிவிட்டது. வெஜிடேரியன் கேட்டு எழுதிக் கொடுத்தேன். இலவசம் என்பதையே நான் நம்பவில்லை.

லீவு விஷயம் இன்னும் தெளிவாகவில்லை.

லெஸ்டர்_மீனா | அக்டோபர் 4

சாப்பாடு இயர் டூ வரை இங்கிலாந்து முழுக்க இலவசம், 2014 செப்டம்பரிலிருந்து. லண்டனில் 2023 முதல் அரசு பிரைமரி பள்ளிகளில் எல்லா வகுப்புக்கும்.

தீபாவளிக்கு ஒரு நாள் தாராளமாகக் கேளுங்கள். அவரவர் மதத்துக்குரிய திருநாளுக்கு அனுமதிக்கப்பட்ட விடுப்பு உண்டு, ரெஜிஸ்டரில் அதற்குத் தனிக் குறியே இருக்கிறது. ஆஃபிசுக்கு முன்கூட்டியே நாலு வரி எழுதுங்கள். ஆனால் அதோடு சேர்த்து ஊருக்குப் போய்வரலாம் என்று ஒரு வாரம் எடுத்தால் அது வேறு கதை. அனுமதியில்லாமல் ஐந்து நாள் ஆனால் அபராதம் வரலாம்: 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்டு, தாண்டினால் 160. அப்பா, அம்மா இருவருக்கும் தனித்தனி, குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஐந்து வயது முடிந்து அடுத்து வரும் டெர்மிலிருந்துதான் பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம், அதனால் உங்கள் மகளுக்கு இப்போது அந்தப் பயம் இல்லை. இருந்தாலும் முதல் டெர்மில் நாள் விடாமல் போவது குழந்தைக்கே நல்லது.

இன்னொரு யோசனை. வகுப்பில் தீபாவளி சொல்லிக்கொடுக்க வரட்டுமா என்று டீச்சரிடம் கேளுங்கள். எங்கும் ராமர், சீதை, அயோத்தி கதைதான் சொல்வார்கள். நரகாசுரன் கதையையும் எண்ணெய்க் குளியலையும் நீங்கள் போய்ச் சொன்னால்தான் உண்டு. சாக்பீஸில் புள்ளிக் கோலம் போடுங்கள். அகல் விளக்கு கொண்டுபோகலாம், ஆனால் உள்ளே பேட்டரி விளக்குதான், தீ கூடாது. பலகாரம் கொண்டுபோனால் முதலில் கேட்டுவிடுங்கள். பல பள்ளிகளில் நட்ஸ் கூடாது, முந்திரி போட்ட எதுவும் வாசல் தாண்டாது.

ஈஸ்ட்ஹாம்_தந்தை | அக்டோபர் 9

இழைக்குச் சற்று வெளியே, மன்னிக்கவும். மகள் இயர் சிக்ஸ். செகண்டரி விண்ணப்பம் பள்ளி வழியாகவே போய்விடுமா?

ஹாரோ_அம்மா | அக்டோபர் 9

இல்லை! நீங்கள்தான் கவுன்சில் வெப்சைட்டில் போட வேணும். அக்டோபர் 31 கடைசி. பதில் மார்ச் 1ஆம் தேதி வரும், அது லீவு நாளாக இருந்தால் அடுத்த வேலை நாளில். ஓப்பன் ஈவினிங் முடிந்திராவிட்டால் இந்தக் கிழமையே போய்ப் பாருங்கள், அறிந்த ஆட்கள் சொன்ன பெயரை மட்டும் நம்பிப் போடாதீர்கள்.

ரெடிங்_கோவை | அக்டோபர் 24

திங்கள் லீவு கொடுத்தார்கள். வியாழன் வகுப்புக்குப் போனேன். விளையாட்டு மைதானத்தில் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்தேன். குழந்தைகள் ஆளுக்கொரு சாக்பீஸ் எடுத்து ஆளுக்கொரு பக்கம் புள்ளி வைக்க ஆரம்பித்தார்கள். என் மகளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பையனின் கையைப் பிடித்து இழுத்து "நோ! ஹியர்! திஸ் ஒன் ஹியர்!" என்றாள். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். வகுப்பறை அக்கா, சண்டையில்தான் வரும் என்று நீங்கள் எழுதியது அப்படியே நடந்தது. அப்புறம் கோடு இழுக்கும்போது இன்னும் இரண்டு பேரை அதட்டினாள். பேரன்ட்ஸ் ஈவினிங்கில் அந்தப் பத்து நிமிடமும் இந்தப் பேச்சுதான்.

கிராய்டன்_ராஜ் | அக்டோபர் 25

மிகவும் சந்தோஷம். மொழி விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கோலத்தை வகுப்புக்குக் கொண்டுபோனது நல்ல வேலை. நானும் கேட்டுப் பார்க்கிறேன். ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது, மறக்காதீர்கள். இனி சாயங்காலமே இருட்டிவிடும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். அடர்த்தியான இருட்டில் குழந்தையைக் கூட்டி வரும்போது பளிச்சென்ற கோட்டு அல்லது ஒளிரும் பட்டை நல்லது.

ரெடிங்_கோவை | நவம்பர் 8

ஒரே வாரத்தில் இத்தனை: ஜோடி சேராத சாக்ஸ் போட்டு அனுப்பு, செவ்வாய் பாப்பி, வெள்ளி புள்ளி போட்ட உடுப்போடு ஒரு பவுண்டு. எது எதற்கு? மூக்கில் அடிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்து ஸ்ப்ரேயில் பன்றி சேர்ந்திருக்கிறது என்று ஒரு தோழி சொல்கிறார், உண்மையா?

வகுப்பறை_அக்கா | நவம்பர் 8

சாக்ஸ், கேலி செய்வதற்கு எதிரான வாரத்துக்காக. ஒவ்வொருவரும் வேறு வேறு மாதிரி என்று காட்ட. புள்ளி, பிபிசியின் சில்ரன் இன் நீட் நிதிக்காக; அதன் சின்னமான பட்ஸி கரடியின் கண்கட்டில் இருக்கும் புள்ளிகள். எதற்கும் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய டிஷர்ட்டில் வட்டமாகக் காகிதம் ஒட்டுங்கள்.

ஸ்ப்ரேயில் பன்றி ஜெலட்டின் இருப்பது உண்மை. வேண்டாம் என்றால் படிவத்தில் ஊசி கேட்கலாம், அதில் அது இல்லை. இரண்டையும் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், டிசம்பரில் வகுப்பே இருமும். வாந்தி, பேதி வந்தால் நின்றபின் 48 மணி நேரம் வீட்டில் வைத்திருங்கள்.

பிரைட்டன்_வேலு | நவம்பர் 9

பாப்பி பற்றி ஒரு வார்த்தை. போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பூ அது. நவம்பர் 11 காலை பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம் நிற்பார்கள், 1918இல் முதல் உலகப் போர் நின்ற நேரம் அது. இதை வெள்ளைக்காரர்கள் விஷயம் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். காயப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு எங்கள் ஊர் ராயல் பெவிலியன் மாளிகையே மருத்துவமனையாக இருந்தது. இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்களைத் தகனம் செய்த குன்றில் சத்ரி என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் 1921இலிருந்து நிற்கிறது. மகன் வகுப்பில் அதன் படத்தைக் காட்டினான். டீச்சருக்கே அது புதுச் செய்தி. அடுத்த வருடம் வகுப்போடு அங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ரெடிங்_கோவை | டிசம்பர் 2

கடைசிக் கேள்வி இதுவாக இருக்கட்டும். இயேசு பிறப்பைச் சொல்லும் நேட்டிவிட்டி நாடகத்தில் மகளுக்கு ஆடு வேஷம். வீட்டில் எந்நேரமும் அந்தப் பாட்டுத்தான். வீடியோ காலில் மாமியார் கேட்டுவிட்டு, "நம்ம சாமி பாட்டை மறந்துருவாளே" என்று வருத்தப்பட்டார். நடிக்க வேண்டாம் என்று சொல்வது சரியா?

கிராய்டன்_ராஜ் | டிசம்பர் 2

மதப் பாடத்திலிருந்தும் கூட்டு வழிபாட்டிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ள பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நாடகத்துக்கும் பேசிப் பார்க்கலாம்.

ஹாரோ_அம்மா | டிசம்பர் 2

உரிமை இருக்குத்தான். ஆனால் முப்பது பிள்ளைகள் மேடையில் நிற்க, ஒரு பிள்ளை மட்டும் ஒஃபிஸில் படம் கீறிக்கொண்டு இருப்பதை யோசித்துப் பாருங்கள். எங்களுடையது சைவ வீடு. பெரியவன் சத்திரக்காரனாக நின்று "நோ ரூம்!" என்று கத்தினவன். அதே கிழமை கோயிலில் திருவெம்பாவைக்கும் வந்து தேவாரம் பாடினான். ஒன்று மற்றதை அழிக்கவில்லை. மாமியிடம் சொல்லுங்கள், பிள்ளைக்குப் பாட்டு இரண்டு மொழியில் வருகுது என்று. மார்கழி பிறக்கப்போகுது, காலையில் ஒரு திருப்பாவைப் பாட்டை அவரையே போனில் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வகுப்பறை_அக்கா | டிசம்பர் 3

ஹாரோ அம்மா சொன்னதுதான் என் கருத்தும். இன்னொன்றும் உண்டு: பேசத் தயங்கும் குழந்தை கூட்டமாகப் பாடும்போது வாய் திறக்கும். ஒத்திகை நடக்கும் இந்த மூன்று வாரத்தில் அவர்கள் கற்கும் ஆங்கிலம் அதிகம். விரல் அசைவோடு, மெட்டோடு, முழு வாக்கியமாக வாய்க்கு வந்துவிடும். உடைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். வெள்ளை பனியன், கறுப்பு லெக்கிங்ஸ், பனியனில் பஞ்சு உருண்டைகளைத் தைத்துவிடுங்கள். ஒட்டினால் ஒத்திகையிலேயே உதிர்ந்துவிடும். ஃபோட்டோ எடுக்க விடுவார்களா என்று முன்பே கேளுங்கள். எடுத்தாலும் மற்ற குழந்தைகள் தெரியும் படத்தை எங்கும் போடக் கூடாது.

ரெடிங்_கோவை | டிசம்பர் 13

நாடகம் முடிந்தது. பாட்டு முழுக்கப் பாடினாள். நடுவில் பக்கத்து ஆட்டின் காது கழன்று விழ, அதை எடுத்து மாட்டிவிட்டுவிட்டுத் தொடர்ந்தாள். மாமியார் இப்போது தினமும் காலையில் போன் செய்கிறார், "மார்கழித் திங்கள்" இரண்டாவது வரி வரை வந்திருக்கிறது. ஜனவரியில் முதல் நாள் இன்செட் டே என்று ஆப்பில் இருக்கிறது. அன்று வகுப்பு உண்டா?

வகுப்பறை_அக்கா | டிசம்பர் 13

கிடையாது. அன்று ஆசிரியர்களுக்குத்தான் பயிற்சி. வாசல் பூட்டியிருக்கும், இருட்டில் கிளம்பிப் போய் நிற்காதீர்கள். கடைசி நாளில் பிஇ பையைக் கொக்கியிலிருந்து எடுத்துவந்து துவையுங்கள். லீவில் காலணி அளவு பாருங்கள், செப்டம்பரில் வாங்கியது இப்போது பத்தாது. வீட்டில் அடுத்த குழந்தை வரும் செப்டம்பரில் ரிசப்ஷன் சேர வேண்டியிருக்கிறவர்கள் எல்லோரும் ஜனவரி 15க்குள் கவுன்சில் வெப்சைட்டில் விண்ணப்பித்துவிடுங்கள். அதே பள்ளியில் மூத்த பிள்ளை இருந்தாலும் தானாக இடம் வராது.